பயந்த டொக்டர்

நாய் கட்டிக் கிடக்கிறதா என்று கேட்காமல் அவர் எந்த வீட்டு வளவுக்குள்ளும் காலடி வைத்ததில்லை. படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைப் பெடலில் வைத்தபடியே குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து "வாங்கோ வாங்கோ, அது ஒண்டும் செய்யாது" என்று பதில் வந்தால் போதாது. "கட்டிக் கிடக்கோ எண்டு சொல்லுங்கோ" என்பார். நான் முதலில் போய் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று, "இப்ப வாங்கோ தம்பி" என்று கூப்பிட வேண்டும். முதல் நாளே எனக்கு அலுத்துவிட்டது.

"இவ்வளவு வருசமா வாறன். என்னை ஒருக்காலும் கடிக்கேல்லை," என்றேன்.

"உங்களை அதுக்குத் தெரியும் அக்கா. என்னைத் தெரியாதே."

அப்போது அவர் மருத்துவ மாணவர். நான் அந்த ஊரின் மருத்துவமாது. சனங்களுக்கு மிட்வைஃப் அக்கா. உடுப்பிட்டியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற வழியில் இருந்தது ஊர். பாதிப்பேர் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர்கள், பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அதற்கு டொக்டர்மார் நியமனம் பெற்று வருவார்கள். தண்ணீர் உவர் என்பார்கள், பஸ் இல்லை என்பார்கள், பிறகு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டொக்டருக்கென்று கட்டிய வீட்டில் பக்கத்து வளவு ஆடுகள் படுத்துக் கிடந்தன.

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. டொக்டர் இல்லாத ஊர்களுக்கு டொக்டர் வேண்டுமென்றால், படிக்கிற காலத்திலேயே பிள்ளைகளை அந்த ஊர்களுக்குப் பழக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சேருகிற மாணவருக்கு மாதாமாதம் உதவிப்பணம். நடுவில் இரண்டு மாதம் ஒரு கிராமத்தில் தங்கி வேலை பழக வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் அரசாங்கச் செலவு. படித்து முடித்த பிறகு அப்படியான ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்வதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் ஊருக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆடுகளைக் கலைத்து, வீட்டைக் கழுவி, வெள்ளையடித்துக் கொடுத்தோம்.

மற்ற இருவரும் கெட்டிக்காரர்கள். வந்த அன்றே ஊர்ப் பெடியன்களோடு கரப்பந்து விளையாடப் போனார்கள். இவர் கிணற்றைச் சுற்றி வந்து, கட்டு ஏன் இவ்வளவு பதிவாக, உயரமில்லாமல் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். மெலிந்த உடம்பு. நெற்றி எப்போதும் சுருங்கியிருக்கும், ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்து வந்தவர் மாதிரி.

இடிக்குப் பயம். உயரமான கட்டிலுக்குப் பயம். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளி படலை தாண்டுவதற்குள் எழும்பி ஓடுவார். "ஆச்சி, நில்லுங்கோ, அந்தத் துண்டை ஒருக்காத் தாங்கோ" என்று வாங்கி, திரும்பவும் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். எழுதியது சரியாகத்தான் இருக்கும். பின்னேரம் வீட்டுக்குப் போகப் புறப்படுகிற நேரத்தில் என் சைக்கிளின் முன்னால் வந்து நிற்பார்.

"அக்கா, காலமை வந்த அந்த வயித்துக்குத்துக்காரி... இன்னொருக்காப் பாத்திட்டு வருவமோ?"

அந்த வயிற்றுக்குத்துக்காரி வெங்காயக்காரர் ஒருவரின் மனைவி. காலையில் பார்த்தபோது ஒன்றுமில்லை. மத்தியானம் போனோம், ஒன்றுமில்லை. பின்னேரம் மூன்றாம் தடவை படலையில் நின்று நாயைப் பற்றி இவர் விசாரித்தபோது, உள்ளேயிருந்து புருஷன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"டொக்டர் தம்பி, அவ நேற்றுப் பனங்காய்ப் பணியாரத்தை மட்டில்லாமல் சாப்பிட்டவ. இனி வாறதெண்டால் பாயும் தலைகாணியும் கொண்டு வாங்கோ, இஞ்சையே படுக்கலாம்."

ஒழுங்கை, தெரு முழுவதும் அந்தக் கதை பரவிவிட்டது. அந்தக் கிழமையே அவருக்குப் 'பயந்த டொக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் போகப் போகிற நாள்களில் ஒரு தரம் கேட்டேன். "தம்பி, இவ்வளவு பயம் வைச்சுக்கொண்டு ஏன் உந்தத் திட்டத்திலை சேர்ந்தனீங்கள்? பெரிய ஆஸ்பத்திரி எண்டால் நாலு பேர் துணைக்கு இருப்பினமே."

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "கையெழுத்து வைக்கிறியோ எண்டு கேட்டினம். மாட்டன் எண்டு சொல்லப் பயமா இருந்தது."

அதற்கு முன்னர் அவர் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் என்றும், கலவரத்தில் தப்பி வந்து இங்கே வடக்கில் சேர்ந்தவர் என்றும் மற்றப் பெடியன் ஒருவன் எனக்குச் சொன்னான். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. 

எண்பத்தேழில் எங்கள் வடமராட்சிப் பகுதிக்குச் சண்டையோடு ஆமி வந்தது. டிஸ்பென்சரியின் கூரையில் பாதி போனது. மாணவர்களை அனுப்புகிற திட்டமும் அத்தோடு நின்றது. கொழும்பிலிருந்து அதற்குப் பணம் வருவதில்லை என்றார்கள். கரப்பந்து விளையாடிய இருவரில் ஒருவர் லண்டனுக்குப் போனார். மற்றவர் உதவிப்பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுக் கையெழுத்திலிருந்து விடுபட்டார். அடுத்த வருடம் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து சூட்கேசோடு இறங்கி, ஒழுங்கை முனையில் நின்று நாய் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தான்.

ஊருக்கு ஏமாற்றம். "அரசாங்கம் இவ்வளவு செலவழிச்சு எங்களுக்கு அனுப்பினது உந்தப் பயந்தவனையோ?" என்று கூட்டுறவுச் சங்கக் கடையில் கதைத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான்.

அந்த நினைப்பு மாறியது கடற்கரைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியால். தாய் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல். அவர் பார்த்தார், சாதாரணக் காய்ச்சல்தான் என்று மருந்து கொடுத்தார். பின்னேரம் வழக்கம்போல என் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றார். போனோம். பிள்ளை பாயில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எங்கள் படலையில் சைக்கிள் மணி.

"அக்கா, எனக்கு நித்திரை வரேல்லை. இன்னொருக்கா."

"தம்பி, பிள்ளை நேற்றுப் பிட்டுத் திண்டுகொண்டிருந்ததைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான். ஆனாலும் பயமாக் கிடக்கு."

முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தாய், "நல்லா நித்திரை கொள்ளுது" என்றாள். அவர் முழங்காலில் இருந்து, பிள்ளையின் தலையின் கீழே கையை வைத்து மெதுவாக உயர்த்தினார். கழுத்து வளையவில்லை. தலையோடு தோளும் ஒரு பலகை போல எழும்பியது. அவருடைய முகத்தில் ஒரு துளி இரத்தம் இல்லை.  மூளைக்காய்ச்சல் என்றார். ஊசி போட்டார். மில்காரரின் காரை நான் ஓடிப்போய்க் கேட்டு வந்தேன். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவரே போனார். மத்தியானத்துக்குப் பிந்தியிருந்தால் தப்பியிராது என்று அங்கே சொன்னார்களாம்.

பிள்ளை தப்பியது. அதற்குப் பிறகும் ஊர் அவரைப் பயந்த டொக்டர் என்றுதான் சொன்னது. சொல்லுகிற விதம் மட்டும் வேறு. அயலூர்ச் சனம் வந்து, "பயந்த டொக்டர் இருக்கிறாரோ?" என்று மரியாதையாகக் கேட்கும்.

ஆனால் அவருடைய பயத்தை நான் ஏதோ வரம் மாதிரிச் சொல்லிவிடக் கூடாது. அது அவரைத் தின்றது. தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. டிஸ்பென்சரியில் சேலைன் போத்தல் இருந்தால் அன்று திருநாள். அந்தக் காலத்தில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தோடு வந்தது. ஏற்கனவே கண் குழிந்திருந்தது. இருந்ததையெல்லாம் ஏற்றினோம். வாகனம் தேடிப் போனவர்கள் எண்ணெய் கிடைத்துத் திரும்பி வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. தாய்க்கு முன்னால் நின்று அவர் அழுதார். டொக்டர் அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதன் பிறகு அவர் மருந்து எழுதுவதையே நிறுத்திவிட்டார். தடிமன், சளி என்று வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். பஸ் ஓடாத காலம். சனம் சைக்கிள் கரியரில் நோயாளியை வைத்து மிதித்துப் போய், அங்கே பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. "இவர் தபால்காரரோ டொக்டரோ?" என்று ஒரு கிழவர் வாசலிலேயே சத்தம் போட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் மேசைக்குப் பின்னால் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்னாலை ஏலாது அக்கா. நான் மாற்றம் கேக்கப் போறன்."

ஒன்றிரண்டு கிழமை போயிருக்கும். அந்தக் குழந்தையின் தாய் வந்தாள். கையில் மூத்த பெடியன். இருமல்.

அவர் அவளைக் கண்டதும் எழும்பிவிட்டார். "நீங்கள் வேறை ஆரிட்டையும் காட்டியிருக்கலாமே," என்றார். 

"உங்களிட்டைத்தான் காட்டுவன்."

"ஏன்?"

அவள் யோசித்தாள். "மற்ற டொக்டர்மாரிட்டை ஒண்டு கேக்கப் பயம், ஐயா. கேட்டால் ஏசுவினமோ, சிரிப்பினமோ எண்டு இருக்கும். நீங்களும் என்னைப்போலப் பயப்பிடுறியள். அப்ப எனக்குக் கேக்கலாம்."

அவர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். பெடியனின் சட்டையைத் தூக்கி, நெஞ்சில் குழாயை வைத்தார். மாற்றம் கேட்கிற கதை அதோடு போனது.

கையெழுத்து வைத்த மூன்று வருடமும் முடிந்து போனது. கனடாவில் இருந்த தமக்கை வரச்சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போகவில்லை. போகவேண்டுமென்றால் இங்கே ஆட்சி செய்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், கிளாலியில் வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடக்க வேண்டும். கடக்கிற வள்ளங்களுக்குக் கடற்படையின் சூடு விழுகிற காலம். "பயந்த டொக்டர் வள்ளத்திலை ஏறுவாரோ? அதுதான் எங்கடை அதிட்டம்," என்று சங்கக் கடையில் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் கிளினிக் முடிந்து பிள்ளைகளின் நிறை பார்க்கிற தராசைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, நான் கொழும்புக்குப் போகவேணும். எனக்குப் பிணை நிப்பியளோ?"

பாஸ் எடுக்கிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். டொக்டர் ஒருவர் போய்த் திரும்பாவிட்டால் பதில் சொல்வது லேசான காரியமில்லை.

"என்னத்துக்குப் போறியள்?"

"பெடியளை அனுப்பிற அந்தத் திட்டம். நிண்டு போச்செல்லே. எத்தினை தரம் எழுதிப் போட்டன், பதில் இல்லை. நேரை போய்க் கேக்கப் போறன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "எனக்கு ஏதும் நடந்தால் இஞ்சை ஆர் வருவினம்? அந்த இரண்டு மாசம் இஞ்சை நிண்டிருக்காட்டி நான் வந்திருப்பனோ? ஆரும் பழகினால்தானே வருவினம்."

அன்று வீட்டில் என் புருஷனிடம் சொன்னபோது மனிதர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தோட்டக்காரர், கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், சாப்பிடமாட்டார்.

"உவர் வரமாட்டார்."

"வருவார்."

"நாய்க்குப் பயந்தவர் உந்தக் கடலேரியைத் தாண்டிப் போறார் எண்டால், திரும்பித் தாண்டுறதுக்கோ போறார்? கனடாவிலை தமக்கை இருக்கு. யோசிச்சுப் பார்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் மறுநாள் போய்ப் பிணைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.  அவரை இல்லை என்று சொல்லி அனுப்புவது, நித்திரை வராமல் விடிய வந்து நின்ற மனிதரைப் படலையோடு திருப்பி அனுப்புகிற மாதிரி இருந்தது.

ஊர் அவரை வழியனுப்பிய விதத்தில் ஒருவரும் அவர் திரும்புவார் என்று நினைக்கவில்லை என்பது தெரிந்தது. ஒடியல் மா கட்டிக் கொடுத்தார்கள், பனங்கட்டி கொடுத்தார்கள், கடற்கரைச் சிறுமியின் தகப்பன் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். "தமக்கைக்கு" என்றார். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எந்த நோயாளியை எப்போது பார்க்க வேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன நாள் வந்தது, அவர் வரவில்லை. இன்னும் சில நாள் போனது.  என் மனிதர் கோபப்படாமல் சாப்பிட்டார், அதுவே எனக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது. ஒரு பெடியன் வந்து, "டொக்டர் வந்திட்டாரோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஊர்ப் பெடியன் அல்ல, இயக்கத்துப் பெடியன். கிளினிக்கில் கர்ப்பிணிகளின் வயிற்றைப் பார்க்கிறபோது என் காது ஒழுங்கைப் பக்கமே இருந்தது.

அடுத்த கிழமை மத்தியான வெயிலில் சைக்கிள் மணி கேட்டது. கறுத்து, தாடி வளர்ந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்து நின்றார். மற்றச் செருப்பு கடலேரியோடு போயிருந்தது.

"அக்கா, தாறாங்களாம். பணம் தாறாங்களாம். பிள்ளையள் வருவினம்."

எனக்கு அழுகையும் ஏச்சும் ஒன்றாக வந்தன. "ஏன் பிந்தினீங்கள்? இஞ்சை நான் செத்துப் பிழைக்கிறன்!"

"கந்தோரிலை நாளைக்கு வா, நாளைக்கு வா எண்டினம். விட்டிட்டு வரப் பயமா இருந்தது."

செம்பில் தண்ணீர் வாங்கி முழுவதையும் குடித்துவிட்டுச் சொன்னார். அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி சிங்களவர், வயதானவர். முதல் சில நாள் பார்க்கவே இல்லை. பிறகு உள்ளே கூப்பிட்டு, சண்டை நடக்கிற இடத்துக்கு மாணவரை அனுப்பப் பணம் தரலாமா, உனக்கென்ன விசரா என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் வரேல்லை அக்கா. படிச்சுக்கொண்டு போனதெல்லாம் மறந்து போச்சு. எனக்குப் பயமா இருக்கு எண்டு சொன்னன். நான் இல்லாமல் போனால் அந்தச் சனத்துக்கு ஒருத்தரும் இல்லை, அதை நினைக்கப் பயமா இருக்கு எண்டன்.  அந்தாள், நீ திரும்பிப் போறியோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். அப்பத்தான் எழுதினார்."

பின்னேரம் என் மனிதர் தோட்டத்திலிருந்து ஒரு குலை வாழைப்பழம் வெட்டிக்கொண்டு போய் டொக்டர் வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இணுவில் ஊர்ப் பெட்டை. சைக்கிளை ஒற்றைக் கையால் ஓடுவாள். நாய் நிற்கிறதா என்று கேட்க மாட்டாள். படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். நாய் கடித்து ஊசி போட்டதும் அவளுக்குத்தான். ஊசி போட்டுக்கொண்டே சிரித்தாள். நோயாளியை ஒரு தரம் பார்த்தால் போதும், முடிவு சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"கெட்டிக்காரி," என்றேன் அவரிடம்.

"ஓம். என்னைவிடக் கெட்டிக்காரி." நெற்றி சுருங்கியது. "அந்தப் பிள்ளைக்கு ஒண்டுக்கும் பயமில்லை அக்கா. எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு."

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறியதால் பக்கத்து வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக எழும்பி வந்தது. மழைக்குள் சனம் வந்துகொண்டே இருந்தது. அச்சுவேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். வகுப்புக்கு வகுப்பு எத்தனையோ குடும்பம். இணுவில் பெட்டையும் தாயைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். பையை டிஸ்பென்சரி வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, எங்கை தொடங்கிறது?" என்று கேட்டாள். அவரைப் பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த நெற்றி கொஞ்சம் விரிந்திருந்தது.

மாரி மழை முடிவதற்குள் கடும் நோயாளரைத் திருகோணமலைக்குக் கொண்டுபோகக் கப்பல் வருகிறது என்றார்கள். கூடப்போக ஒரு டொக்டர் வேண்டும். மற்ற எல்லோரும் முகாம்களில் கட்டுண்டு கிடந்தார்கள். இவர் போனார். அடுத்த கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு.

பருத்தித்துறைக் கரையில் கடல் கொந்தளித்துக் கிடந்தது. கப்பல் தூரத்தில் நின்றது. சின்ன வள்ளங்களில் நோயாளரைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அவர் ஒரு கையால் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. வள்ளம் அலையில் ஏறி இறங்குகிறபோது, என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். காற்றில் முதல் தரம் கேட்கவில்லை. திரும்பக் கத்தினார்.

"அக்கா! மூண்டாம் வகுப்பு அறையிலை காதுக்குத்துக்காரப் பெடியன்! இன்னொருக்காப் பாருங்கோ!"

அடுத்த கப்பலில் மருந்துப் பெட்டிகள் வந்தன. அவர் வரவில்லை. அங்கே அதிகாரிகள் அவரைத் திரும்ப விடவில்லை என்றும், மலைநாட்டில் டொக்டர் இல்லாத தோட்டப்புற ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சில மாதத்துக்குப் பிறகு கேள்விப்பட்டோம். நான் அவரைப் பிறகு காணவில்லை.

கரையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். காதுவலி என்று சொன்ன அந்தப் பெடியன் வாங்கு மேசைகளுக்கு மேலே ஏறிப் பாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். காதைப் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்தபோது இணுவில் பெட்டை கேட்டாள்.

"அவனுக்கு என்னக்கா?"

"ஒண்டுமில்லை."

"பின்னை ஏன் திரும்பப் போறியள்?"

பெடலை மிதித்துக்கொண்டு போனேன். பெடியன் அன்றும் நன்றாகத்தான் இருந்தான். நான் திரும்ப எழும்பியபோது, மூலையில் சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டிருந்த அவனுடைய தாய், நிறைமாதக்காரி, மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நேற்றும் வந்தியள், இண்டைக்கும் வந்திருக்கிறியள். அப்ப ஒண்டு கேக்கட்டே?"

"கேளும் பிள்ளை."

"வயித்துக்குள்ளை பிள்ளை நேற்றிலையிருந்து துடிக்கேல்லை. இவ்வளவு சனத்துக்குள்ளை இதை ஆரிட்டைச் சொல்லிறது எண்டு..."

அவளைப் படுக்கவைத்து வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். மழை, அடுப்புப் புகைக்கு இருமுகிறவர்கள், அழுகிற பிள்ளைகள். ஒன்றும் கேட்கவில்லை. "ஒருத்தரும் கதைக்காதையுங்கோ!" என்று கத்தினேன். அறை முழுவதும் அடங்கியது. அழுத பிள்ளைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். பக்கத்து வகுப்பும் அடங்கியது.

கேட்டது. மெதுவாக, தவறித் தவறி. ஆனால் கேட்டது.

அவளைக் கதவுப் பலகையில் வைத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. இணுவில் பெட்டையும் நானும்தான். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பிள்ளை நீலமாக வந்து விழுந்தது. இணுவில் பெட்டை அதன் வாயைத் துடைத்து, மூச்சு ஊதி, முதுகைத் தேய்த்து, திரும்ப ஊதி... பின்னேர வெளிச்சம் யன்னலில் மங்குகிற நேரத்தில் பிள்ளை குரலெடுத்து அழுதது.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனோம். வாளியை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். தண்ணீர் காலில் சிந்தியது. வாளியை வைத்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருந்தது அக்கா."

"நல்லது பிள்ளை," என்றேன்.